கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கலாமா? பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்

வாங்கலாம். வீட்டுக்கு வீடு வேண்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்பேன். விற்பவர்கள் இதைத் தூக்கத்துக்கு நல்லது, தலைவலி குறையும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தக் கருவியின் பெரிய பயன் வேறு. பருவநிலை மாற்றம் உண்மையா, விஞ்ஞானிகள் மிகைப்படுத்துகிறார்களா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் வாக்குவாதத்தின் ஆணிவேரான கேள்விக்கு, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் அளவுள்ள இந்தப் பொருள் பதில் சொல்கிறது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் சென்சார்தான் முக்கியம், அது ஒரே மாதிரியாக இருந்தால் எல்லாக் கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. என்னுடையது பேட்டரியில் ஓடுவது, சின்னத் திரை, ப்ளூடூத் உண்டு. விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. இது எல்லோருக்கும் எளிதான தொகை இல்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். திரையில் வரும் எண் பிபிஎம் கணக்கில் வரும், அதாவது பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் எத்தனை கார்பன் டை ஆக்சைடு என்பது. சென்னையில் மாலை நேரம் கடல்காற்று நன்றாக வீசும்போது பெசன்ட் நகர் கடற்கரையில் 430-ஐ ஒட்டி நிற்கிறது. அதே நாள் விடியற்காலையில் மொட்டை மாடியில் வைத்தால் 470, 480 கூட வரும், ஏனென்றால் இரவில் காற்று அசையாமல் தரையோடு தேங்கி நிற்கும், வண்டிப் புகை, அடுப்பு, செடிகொடிகளின் இரவு மூச்சு எல்லாம் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஸ்ப்ளிட் ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திய படுக்கையறையில் படுக்கும்போது 700 இருந்தால் காலையில் 2,000-ஐத் தாண்டிவிடுகிறது. ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தால் சமையலறையில் எண் கண் முன்னாலேயே ஏறும். ஜன்னலைத் திறந்தால் இறங்கும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. சரி, காற்றோட்டம் பார்ப்பதற்கு இது போதும், இந்த வேலையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நல்ல மீட்டர்களில் இருப்பது என்டிஐஆர் எனப்படும் அகச்சிவப்பு சென்சார். ஒரு சின்ன அறை, அதன் ஒரு முனையில் அகச்சிவப்புக் கதிரை விடும் ஒரு விளக்கு, மறுமுனையில் அந்தக் கதிர் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும் உணரி, அதன் முன்னால் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை மட்டும் விடும் ஒரு வடிகட்டி. நடுவில் நம் அறைக் காற்று. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அந்தக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை, நேராகப் போக விட்டுவிடும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கதிர் குறைந்து வருகிறதோ அதைக் கணக்குப் போட்டுத் திரையில் எண்ணாகக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

இந்த அமைப்பு புதியதும் இல்லை. 1859-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டின்டால் செய்த சோதனையின் எலும்புக்கூடு இதுவேதான்: ஒரு நீண்ட பித்தளைக் குழாய், ஒரு பக்கம் வெப்பம் தரும் பொருள், மறுபக்கம் வெப்பத்தை அளக்கும் கருவி, குழாயின் இரு வாயிலும் கண்ணாடிக்குப் பதில் பாறை உப்புத் தகடு, ஏனென்றால் கண்ணாடியே அகச்சிவப்பை மறித்துவிடும். உள்ளே ஒவ்வொரு வாயுவாக நிரப்பிப் பார்த்தார். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெப்பக் கதிரை விட்டுவிடுகின்றன, மிகக் கொஞ்சமாக இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான் மறிக்கின்றன என்று கண்டார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1856-ல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு நிரம்பியது மற்றவற்றைவிட அதிகம் சூடாகிறது, மெதுவாகவே ஆறுகிறது என்று பார்த்துவிட்டு, இந்த வாயு மிகுந்த வளிமண்டலம் இருந்தால் பூமி சூடாக இருந்திருக்கும் என்றும் எழுதிவிட்டார். அவர் பெயர் நூறு வருடத்துக்கும் மேலாக யாருக்கும் நினைவில் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என்டிஐஆர் தவிர இன்னொரு வகை சென்சாரும் இப்போது சந்தையில் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் அதிகம் பிடித்தது. அதில் அகச்சிவப்புக் கதிரை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக அடிப்பார்கள். கதிரை வாங்கிய கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மோதிக் கொடுக்கும், காற்று சூடாகும், சூடான காற்று விரியும், கதிர் நின்றால் சுருங்கும். விரிந்து சுருங்கினால் ஒலி. அந்த ஒலியை ஒரு குட்டி மைக் கேட்டு எண்ணாக மாற்றுகிறது. அகச்சிவப்பைப் பிடித்த வாயு காற்றைச் சூடாக்குகிறது என்பதைக் காதால் கேட்டு வேலை செய்யும் கருவி இது!

இதுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் படுக்கையறையில் 2,000 என்று இந்தத் திரை காட்டும்போது அதை நம்பி எழுந்து ஜன்னலைத் திறக்கிறீர்கள் என்றால், கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பைப் பிடிக்கிறது என்பதை நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதை ஒப்புக்கொண்ட பிறகு பசுமை இல்ல விளைவு மட்டும் கட்டுக்கதை என்று சொல்ல வழியில்லை. சூரிய ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உள்ளே வருகிறது, சூடான பூமி அதை அகச்சிவப்பாகத் திருப்பி அனுப்புகிறது, நடுவில் நிற்கும் வாயு அதில் ஒரு பகுதியைப் பிடித்து நாலா பக்கமும் விடுகிறது, கீழேயும் வருகிறது.

நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மீட்டர் பயன்படுத்தும் 4.26 மைக்ரோமீட்டரில் பூமி அதிகம் கதிர் விடுவதில்லை. வளிமண்டலத்தில் முக்கிய வேலை நடப்பது 15 மைக்ரோமீட்டரை ஒட்டி, அதே மூலக்கூறின் வேறொரு அதிர்வில். ஆகவே மீட்டர் காட்டுவது அடிப்படைக் குணத்தை, பூமியின் முழுக் கணக்கை இல்லை. முழுக் கணக்கை வானத்தில் இருந்தே அளந்திருக்கிறார்கள். 1970-ல் ஒரு செயற்கைக்கோளும் 1997-ல் இன்னொன்றும் பூமியில் இருந்து வெளியேறும் அகச்சிவப்பைப் பதிவு செய்தன. இரண்டையும் ஒப்பிட்டு 2001-ல் வெளியான ஆய்வில், கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் பிடிக்கும் அலைநீளங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. தரையில் இருந்து அண்ணாந்து பார்த்தும் அளந்தார்கள்: ஒக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் 2000 முதல் 2010 வரை, கார்பன் டை ஆக்சைடால் கீழே வரும் கதிர் பத்தாண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 0.2 வாட் கூடியிருந்தது. எண் சின்னதுதான், ஆனால் பூமி முழுக்க, இரவும் பகலும், வருடக்கணக்காக.

இப்போது வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு அழகான திரையோடு நிறைய மீட்டர்கள் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரே கிடையாது. உள்ளே இருப்பது சென்ட், ஆல்கஹால், தாளிப்புப் புகை போன்றவற்றை உணரும் மலிவான சென்சார், அதை வைத்து இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கலாம் என்று ஊகித்து ஒரு எண்ணைப் போடுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: டிஷ்யூ பேப்பரில் கொஞ்சம் ஹேண்ட் சானிடைசர் தடவி மீட்டர் பக்கத்தில் வையுங்கள், மூச்சு அதன்மேல் படாமல் தள்ளி நில்லுங்கள். எண் சட்டென்று எகிறினால் அது போலி, திருப்பி அனுப்பிவிடுங்கள். நிஜ அகச்சிவப்பு சென்சார் அசையாது. இந்தப் போலிகளை விற்பது எனக்கு உண்மையிலேயே கோபமாக இருக்கிறது. இதை நம்பி ஒரு பள்ளி வாங்கி, பிள்ளைகள் எதிரில் வைத்து, எண் கன்னாபின்னாவென்று ஓடினால், அந்தப் பிள்ளைகள் அளவீடு என்பதையே நம்பமாட்டார்கள்.

நல்ல மீட்டரிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது, காலிபரேஷன். சென்சார்கள் நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலான மாடல்களில் தானாகவே நடக்கும் ஒரு ஏற்பாடு உண்டு: கடந்த சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த எண் எதுவோ அதுதான் வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 என்று வைத்துக்கொள்ளும். இந்த 400 எங்கிருந்து வந்தது? இந்தச் சென்சார்கள் பரவலான காலத்தில் வெளிக்காற்று அந்த அளவில்தான் இருந்தது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் தினசரி அளவு 2013 மே மாதம்தான் முதல்முறையாக 400-ஐத் தொட்டது. 2025 மே மாதத்தில் அங்கே மாதச் சராசரியே 430-ஐத் தாண்டிவிட்டது. அதாவது பழைய கையேட்டைப் பின்பற்றும் மீட்டர் இன்று 25, 30 பிபிஎம் குறைத்தே காட்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வெளிக்காற்று மாறி, கருவியின் அடிப்படை எண்ணையே காலாவதி ஆக்கிவிட்டது. இதைவிட நேரடியான ஒரு சாட்சியை நான் எந்தப் பொருளின் கையேட்டிலும் பார்த்ததில்லை. உங்கள் மாடலில் இந்த அடிப்படை எண்ணை மாற்ற வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள், தானியங்கி ஏற்பாட்டை நிறுத்திவைக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள்.

ஆனால் ஒன்றில் தெளிவாக இருக்க வேண்டும். வருடா வருடம் உலகக் காற்றில் கூடுவதை இந்த மீட்டரால் அளக்க முடியாது. இதன் பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் 30, 50 பிபிஎம் வரை போகும், உலகில் வருடத்துக்குக் கூடுவது சுமார் 2.5. மாடியில் வைத்து இரண்டு வருடம் எழுதிவைத்து ஒன்றும் ஏறவில்லை என்று யாராவது பதிவு போட்டால் அதை நம்ப வேண்டாம், எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்று போட்டாலும் நம்ப வேண்டாம். அந்த வேலைக்கு டேவிட் கீலிங் போன்ற பிடிவாதக்காரர்கள் தேவைப்பட்டார்கள். 1958 மார்ச்சில் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், மௌனா லோவாவில் அவர் தொடங்கியபோது முதல் அளவு 313. அவர் பயன்படுத்தியதும் அகச்சிவப்புக் கருவிதான், நம் கையில் இருப்பதன் தாத்தா, ஆனால் துல்லியமாகத் தயாரித்த மாதிரி வாயுக்களோடு விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். வட அரைக்கோளத்தில் செடிகள் தளிர்க்கும்போது இறங்கி, உதிரும்போது ஏறி, ஒவ்வொரு வருடமும் மேலே நகரும் அந்த ரம்பப் பல் வரைபடம் அப்படித்தான் வந்தது. எரிமலை மேல் வைத்து அளந்தால் எரிமலைப் புகைதானே வரும் என்று ஒரு கேள்வி எப்போதும் வருகிறது. எரிமலை வாய்ப் பக்கமிருந்து காற்று வந்து அளவு தாறுமாறாக ஆடும் நேரங்களை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கெடுக்கிறார்கள். தென் துருவத்திலும் அதே காலத்தில் இருந்து அளக்கிறார்கள், கோடு அங்கேயும் இதே மாதிரிதான் ஏறுகிறது. நம் பக்கத்திலும் புதுச்சேரி கடற்கரையில் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்திருக்கிறார்கள், லடாக்கின் ஹான்லேயிலும் போர்ட் பிளேரிலும் கூட. தொழிற்புரட்சிக்கு முன்பு சுமார் 280. அண்டார்டிக் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளில் 8,00,000 வருடம் பின்னால் போய்ப் பார்த்தாலும் 300-ஐத் தெளிவாகத் தாண்டிய காலம் ஒன்றுகூட இல்லை.

மீட்டரைப் பள்ளிக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி: நாம் விடும் மூச்சால்தான் எண் ஏறுகிறது என்றால், உலகம் சூடாவதும் நம் மூச்சால்தானா? அருமையான கேள்வி. நாம் வெளியே விடும் காற்றில் சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடுதான். ஆனால் அந்தக் கார்பன் நாம் சாப்பிட்ட சோற்றில் இருந்து வந்தது, அந்த நெல் அதைச் சில மாதங்களுக்கு முன்னால் இதே காற்றில் இருந்துதான் எடுத்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம், கணக்கு நேர். நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரி அப்படி இல்லை. அது மனிதன் என்று ஒருவன் தோன்றுவதற்கு முன்பே காற்றில் இருந்து விலகி மண்ணுக்குள் போய்விட்ட கார்பன், அதை எரித்தால் இன்றைய கணக்கில் புதிதாகச் சேர்கிறது. இது வெறும் வாதம் இல்லை, காற்றிலேயே முத்திரை இருக்கிறது. கார்பன்-14 என்ற கதிரியக்க வகை 5,730 வருடத்தில் பாதியாகக் குறையும், ஆகவே நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது மிச்சமே இல்லை. அவை எரிய எரியக் காற்றில் கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப்போகிறது. கார்பன்-13 என்ற இன்னொரு வகையின் விகிதமும் குறைகிறது, ஏனென்றால் செடிகள் அதைக் குறைவாகவே எடுக்கும், நிலக்கரியும் பெட்ரோலியமும் பழைய உயிர்களின் மிச்சம்தான். எரிப்பதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், காற்றில் ஆக்ஸிஜனும் அதற்கேற்பக் குறைந்துவருவதைக் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அளந்து காட்டினார். மூச்சுக்கு ஆபத்தான அளவெல்லாம் இல்லை, ஆனால் குற்றவாளி யார் என்று சொல்லப் போதும். எரிமலைகளா என்று கேட்டால், அவை விடுவது மனிதர்கள் விடுவதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. சூரியனா என்று கேட்டால், சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் மேல் வளிமண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும், ஆனால் கீழே சூடாகிக்கொண்டிருக்க மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

விளைவுகள் என்று வரும்போது மீட்டர் வாய் திறக்காது. அதன் திரையில் 430 என்பது சாதுவான எண்தான், பச்சை விளக்கு எரியும், உட்கார்ந்து படிக்கலாம், தூங்கலாம். இதை ஆசிரியர்கள் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 430-ல் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நம் நுரையீரலுக்கு 430 ஒன்றுமில்லை, பூமியின் வெப்பக் கணக்குக்கு 280-க்கும் 430-க்கும் இடையே பெரிய தூரம். உலக வானிலை அமைப்பின் கணக்கில் 2024-ம் ஆண்டு தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி சூடாக இருந்தது. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், பெய்யும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அதற்காக ஒவ்வொரு வெள்ளத்தையும் இதன் தலையில் போட்டுவிடவும் கூடாது. 2015 டிசம்பர் சென்னை மழையை ஆராய்ந்தவர்களால் வெப்பமயமாதலின் பங்கை அதில் தெளிவாகக் காட்ட முடியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். இப்படி முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆட்கள், முடிகிற இடத்தில் சொல்வதை நான் நம்புகிறேன். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் நீர் சூடேறிப் பவளப் பாறைகள் வெளுத்தன. கூடவே, நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் கரைத்துக்கொள்வதால் கடல் நீரின் அமிலத்தன்மையும் கூடிவருகிறது. அங்கே மீன் பிடிப்பவர்களுக்கு இது செய்தித்தாள் விஷயம் இல்லை, பிழைப்பு.

சரி, மீட்டரின் குறைகள். ப்ளூடூத் ஆப் அடிக்கடி இணைப்பை விடுகிறது, பழைய பதிவுகளை இறக்க நேரம் எடுக்கிறது. திரையில் பின்னொளி இல்லை, இரவில் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் உயரத்தை உள்ளிடும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலையில் காற்றழுத்தம் குறைவு, அந்தச் சின்ன அறைக்குள் மூலக்கூறுகளும் குறைவு, திருத்தம் இல்லாத மீட்டர் அங்கே நன்றாகவே குறைத்துக் காட்டும். வெயிலில் நேராக வைத்தாலும் தடுமாறுகிறது.

விலைதான் பெரிய தடை. ஒரு குடும்பம் இதற்காக இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்றால், ஏ.சி. அறையில் குழந்தைகளோ வயதானவர்களோ நீண்ட நேரம் இருக்கிறார்கள் என்றால் யோசிக்கலாம், மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். பள்ளிகளுக்கு என் கணக்கு வேறு. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுத்தால், ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். காலிபரேட் செய்வதையும் ஆசிரியரே முடித்து வைத்துவிடாமல் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்: காற்று நன்றாக வீசும் ஒரு மதியம், திறந்த மைதானத்தில், அடுப்பும் வண்டியும் இல்லாத பக்கம், ஆட்கள் தள்ளி நின்று, கையேடு சொல்லும் நேரம் வரை வைக்க வேண்டும். அடிப்படை எண்ணாக 400-ஐப் போடாமல், அந்த வார மௌனா லோவா அளவை இணையத்தில் பார்த்து அதைப் போடுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. போட்ட எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி மீட்டரோடு சேர்த்து வையுங்கள், அடுத்த வருடம் அதே வேலையைச் செய்யும் வகுப்பு அதைப் பார்க்கட்டும்.